இல்லாத கணவருக்கு வந்த காய்ச்சல்

இக்கட்டுரையில் நான் கண்ணால் கண்டவற்றையும் காதால் கேட்டவற்றையும், அவ்விரண்டும் வாய்க்காத இடங்களில் குறைந்தது இருவர் தனித்தனியே ஒப்புக்கொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். காரணம் உண்டு. இந்நிகழ்ச்சி இப்போது மூன்று வடிவங்களில் வழங்குகிறது. என் மகள் கயல் சொல்லும் வடிவத்தில் ஒரு சேவல் எங்கள் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று கூவுகிறது. மங்கை சொல்லும் வடிவத்தில் நான் மயங்கி விழுகிறேன். ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் வழங்கும் வடிவத்தில் என் கணவர் ஒரு பெரிய அயோக்கியர். சேவல் கூரைமேல் ஏறவில்லை. நான் மயங்கி விழவில்லை. சுவரில் சாய்ந்தேன், அவ்வளவே. எனக்குக் கணவர் என்று ஒருவர் எக்காலத்தும் இருந்ததில்லை.

நான் தமிழாசிரியை. மாணவர் கட்டுரையில் 'கடலெனத் திரண்ட கூட்டம்' என்று கண்டால், ஓரத்தில் சிவப்பு மையால் 'எத்தனை பேர்?' என்று எழுதுகிறவள். (ஆமாம், அந்த மாதிரி டீச்சர்தான். தெருவில் என்னைக் கண்டால் பிள்ளைகள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.) சொல்லைக் கையாள்வதில் எனக்கு இத்தனை கர்வம் இருந்தும், ஒரே ஒரு சிறிய வாக்கியத்தை மூன்றாண்டுகள் சொல்லாமல் விட்டேன். அதனால் விளைந்ததே இக்கதை.

மங்கையும் நானும் பதினோராண்டுகளாக ஒன்றாக வாழ்கிறோம். கயலைச் சுமந்து பெற்றவள் மங்கை. பெயர் வைத்தவள் நான். பிறந்த அன்று மருத்துவமனையில் குழந்தையை முதலில் கையில் வாங்கியவளும் நானே, செவிலியர் "நீங்க யாரு, சித்தியா?" என்று கேட்டபோது பதில் சொல்லாமல் சிரித்தவளும் நானே. அந்தச் சிரிப்பு பின்னர் எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

எனக்கு மலைமேலிருக்கும் ஜமுனாமரத்தூருக்கு மாற்றல் வந்தபோது கயலுக்கு மூன்று வயது. மங்கைக்குக் காவலூர் வானாய்வகத்தில் மின்கருவிகளைப் பராமரிக்கும் வேலை. பெரும்பாலும் இரவுப் பணி. மாலையில் தலைக்கவசமும் தடித்த மேற்சட்டையும் அணிந்து வண்டியில் கிளம்பினால், மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பித் தூங்குவாள். நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டின் உரிமையாளர் தனபாக்கியம் அம்மாள், அடிவாரத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, மலைமேல் வந்து மளிகைக்கடை வைத்தவர். சாமான் இறக்கிய அன்றே வந்து வாசலில் நின்றார்.

"இன்னா டீச்சரு, சாரு வர்லீங்களா?"

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பேதான்.)

அவருடைய கண்கள் வாசலில் கிடந்த பொருள்களை ஆராய்ந்தன: பெரிய அளவுப் பூட்ஸ், மேற்சட்டை, கம்பளிக் குல்லா, நீளமான டார்ச் விளக்கு. எல்லாம் மங்கையுடையவை. அவளுக்குப் பாதம் பெரியது.

"ஓ! சாருக்குக் காவலூரு டெலஸ்கோப்புல நைட் டூட்டியா?"

"காவலூர்லதான். ராத்திரி வேலை," என்றேன்.

இவ்விரு தொடர்களிலும் ஒரு சொல்லேனும் பொய்யில்லை. அதை எண்ணி அன்று பெருமைகூடப் பட்டேன். அந்நேரத்தில் மங்கை, கட்டிலின் ஒரு பாகத்தைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து உள்ளே போனாள். அம்மாள் அவளை அண்ணாந்து பார்த்தார்.

"இது சாரோட தங்கச்சியா? அதான் நல்ல ஒசரம்!"

நான் தலையை அசைத்தேன். அவ்வசைவு ஆம் என்பதா, இல்லை என்பதா என்று என்னாலேயே உறுதிசெய்ய இயலவில்லை. ஆகவே அதைப் பற்றி மேலும் எழுதேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள் குடியிருந்தனர்: டீச்சர், சார், நாத்தனார். இருட்டும் வேளையில் தலைக்கவசத்துடன் வண்டியில் போகும் உருவம் சார். விடுமுறை நாளில் சேலை கட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் உருவம் நாத்தனார். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கணவரைப் பத்து நாளைக்கு மேல் காப்பாற்ற முடியாது. எங்கள் மலையில் முடியும். இரவெல்லாம் வானத்தைப் பார்த்துப் பகலில் தூங்கும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பகலில் ஓர் ஆண் கண்ணில் படாவிட்டால் அவன் இல்லை என்று யாரும் நினைப்பதில்லை; தூங்குகிறான் என்றே நினைப்பார்கள்.

தெருவே சாரின் தூக்கத்தைக் காவல்காத்தது. கீரை விற்கும் பெண் எங்கள் வாசலை வாய் திறவாமல் கடந்து, அடுத்த வாசலில் இரண்டு பங்காகக் கூவினாள். கோயில் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயை, தனபாக்கியம் அம்மாள் தாமே நின்று எதிர்த்திசைக்குத் திருப்பச் செய்தார். "யோவ், சாரு தூங்குறாருய்யா! அவரு தூங்கலன்னா ராவுல நட்சத்திரத்த யாரு பாக்குறது?" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் மங்கை விழித்துக்கொள்வாள்.

"உன் வீட்டுக்காரருக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல," என்பாள் போர்வைக்குள்ளிருந்து.

சிரித்துக்கொண்டே சொல்வாள். முதலாண்டில் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "எங்க வூட்டுக்காரருக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கணும்." "எங்க வூட்ல இவருக்கு வாழப்பழமே ஆவாது." எத்தனை எளிதாக வந்து விழுகிறது அந்தச் சொல்! அவர்களில் ஒருத்தியும் அதைச் சொல்வதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடித்ததில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் படித்ததில்லை. எனக்கும் சொல்ல ஆசையாக இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒருத்திக்கு உப்புத் தூக்கலாகத்தான் வேண்டும், வாழைப்பழம் ஆகாது என்று, பேருந்து வரும்வரை, பயனற்ற பேச்சாக, சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று. உலகத்தில் நான் மிகவும் பொறாமைப்பட்டது அந்தப் பயனற்ற பேச்சைத்தான்.

கயலை எங்கள் தெருத் தொடக்கப்பள்ளியில் (நான் வேலை பார்ப்பது மேல்நிலைப்பள்ளியில்) முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது நான் செய்தது இதைவிடக் கேவலம். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் மங்கையர்க்கரசி என்றிருந்தது. அதுவரை என் பள்ளிக்கு வெளியே ஊரில் எவரும் என் பெயரைக் கேட்டதில்லை. டீச்சர் என்பதே போதுமானதாக இருந்தது. தலைமையாசிரியை சான்றிதழைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மங்கையர்க்கரசி... நல்ல பேரு டீச்சர்."

"நன்றிங்க," என்றேன்.

வெளியே வண்டியருகில் காத்திருந்த மங்கையிடம் இதை நகைச்சுவையாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அன்று மாலை சாப்பிடாமலே வேலைக்குக் கிளம்பினாள். தெருவில் பலர் அவளிடமே "பாப்பா அப்படியே அத்தை ஜாடைங்க!" என்று சொல்வதுண்டு. அதற்கும் சிரிப்பாள். பெற்ற பிள்ளை தன்னைப்போல் இருப்பதை, தனக்குக் கிடைத்த ஒரு சலுகையாக மற்றவர் வாயால் கேட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

கயல் வகுப்பில், "எங்க வூட்ல பெரிய டெலஸ்கோப்ப ரிப்பேர் பண்றாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள். மறுநாளே தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு: பள்ளியின் அறிவியல் விழாவுக்குச் சார்தான் சிறப்பு விருந்தினர். வந்து பிள்ளைகளுக்கு நிலாவைப் பற்றிப் பேச வேண்டும். பொன்னாடைகூட வாங்கியாயிற்று.

"வேலை அதிகம்னு சொல்லிடறேன்," என்றேன் வீட்டில்.

மங்கை சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "நான் போறேன்."

"எப்படி? சாரா?"

"நானாவே. எம்பொண்ணு வகுப்புக்கு நான் நிலாவப் பத்திச் சொல்லித்தர்றேன். நீ முன்னாடி போய் மைக்ல ஒரே ஒரு வரி சொல்லு. இவதான் கயலோட அம்மா, நானும் அம்மாதான்னு. வேற எதுவும் நான் கேக்கல. மூணு வருசமா தூங்குற ஆளாவும் தண்ணி புடிக்கிற ஆளாவும் இருந்துட்டேன். ஒரு நாளைக்கு நான் மங்கையா இருக்கணும்."

"சரி," என்றேன்.

அந்த ஒரு வரிக்கு நான்கு நாள்களில் ஏழு வரைவுகள் எழுதினேன். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். அதில் குடும்பம் என்னும் அமைப்பின் வரலாறு இருந்தது. மங்கை வாங்கிப் பார்த்து, "நிலாவுக்கே இவ்ளோ நேரம் ஆகாது" என்று திருப்பித் தந்தாள். ஏழாம் வரைவு இரண்டே வரி. பிழையில்லாதது. நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்த உரைநடை அதுவே என்று இன்றும் கருதுகிறேன்.

விழா அன்று அவள் ஏழு மணிக்குத் திரும்பினாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, கயலுடன் முன்னதாகப் பள்ளிக்குப் போனேன். நான் பேசி முடித்ததும் கயல் நான்கு வீடு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய் அவளை அழைத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளும் ஏறக்குறைய இருபது பெரியவர்களும் இருந்தனர். (எண்ணினேன்.) சாருக்கு அன்பளிப்பாக ஒருவர் சாமையரிசி கொண்டுவந்திருந்தார், ஒருவர் தேன், ஒருவர் காலைக் கட்டிய சேவல். முதல் வரிசையில் தனபாக்கியம் அம்மாள், மடியில் பொன்னாடையுடன்.

ஒலிவாங்கியின் முன் நின்றேன். தாளைப் பிரித்தேன். முதல் வரிசை முகங்களைப் பார்த்தேன். அத்தனையும் அன்பான முகங்கள். பகை முகமாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அன்பு முழுவதும் ஒரு நொடியில் போய்விடுமோ என்று பயந்தேன். இருபதாண்டு மேடைப் பழக்கத்தில் ஒரு கொச்சைச் சொல்லும் பேசாத என் வாய், தானாகத் திறந்தது.

"சாருக்கு ஜுரம்."

முதலில் பேசியவள் கயல். "காலையில இல்லியே டீச்சரம்மா?" (என் மகள் மங்கையை 'அம்மா' என்பாள், என்னை 'டீச்சரம்மா' என்பாள்; தெருவார் அதைச் செல்லப் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம்தான்.)

தனபாக்கியம் அம்மாள் எழுந்தார். "ஏழு மணிக்கு வண்டியில வந்தத நான் பாத்தனே! நல்லாதான இருந்தாரு?"

"இப்பதான் வந்துது."

"ஒண்டியாவா வுட்டுட்டு வந்தீங்க? இன்னா டீச்சரு நீங்க! வாங்கம்மா, ஒரு எட்டு பாத்துனு வந்துருவோம்."

தலைமையாசிரியையும், "பத்து நிமிஷம்தானே, பார்க்கலைன்னா மரியாதை இல்ல" என்று எழுந்துவிட்டார். "ஒட்டுவாரொட்டிக் காய்ச்சல், யாரும் வராதீங்க" என்று நான் கதறினேன். எல்லாரும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, சேவலையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர் வழியிலேயே தம் வீட்டுக்குள் புகுந்து நிலவேம்புக் கஷாயத்துடன் வந்து சேர்ந்துகொண்டார். நான் முந்திக்கொள்ள ஓடினேன். கயல் என் கையை விடவில்லை. அவளுடைய ஆறு வயதுக் கால்களின் வேகத்தில்தான் ஓட முடிந்தது.

வீட்டினுள் நிலைமை இதுவாக இருந்தது. (மங்கை சொன்னது, கட்டிலின் கோலத்தை நேரில் கண்டு கயலும் உறுதிசெய்தது.) மங்கை குளித்து, நீலக் கைத்தறிச் சேலை கட்டி, பூமிக்கு ஒரு பூசணிக்காயும் நிலாவுக்கு ஓர் ஆரஞ்சும் எடுத்துவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். குளிருக்குக் குல்லாவை மாட்டியிருக்கிறாள். போர்வையைக் காலில் போட்டிருக்கிறாள். இரவெல்லாம் விழித்தவள், கண்ணயர்ந்துவிட்டாள். நாங்கள் நுழைந்தபோது தலைமுதல் கால்வரை மூடிய ஒரு நீண்ட உருவம்தான் கட்டிலில் இருந்தது.

இருபது பேர் தணிந்த குரலில் பேசிக்கொண்டு சுற்றி நின்றார்கள். மூன்றாண்டுகளாகக் காவல்காத்த மனிதரை முதன்முறையாக அருகில் காண்கிறார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார்... சாரு..." தனபாக்கியம் அம்மாள் குனிந்தார். "தேகம் சுடுதான்னு பாப்போம்." போர்வையை விலக்கினார்.

மங்கை எழுந்து உட்கார்ந்தாள். நீலச் சேலை, குல்லா, கையில் நிலா.

சேவல் ஒரு முறை கூவியது. நான் சுவரில் சாய்ந்தது இப்போதுதான்.

"நாத்தனாரா!" என்றார் அம்மாள். "சாரு எங்க?"

மங்கை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டாயா என்று கேட்டது அந்தப் பார்வை. அதற்கான பதிலைக் கயலே தந்தாள்: "டீச்சரம்மா மைக்ல, சாருக்கு ஜுரம்னு சொல்ட்டாங்கம்மா."

மங்கை குல்லாவைக் கழற்றி மடித்தாள். அதை மடிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆக வேண்டியதில்லை.

"அம்மா இல்லடி, அது அத்த," என்று ஒருவர் கயலைத் திருத்தினார்.

"அத்த இல்ல. இதான் எங்கம்மா. இவங்கதான் டெலஸ்கோப் ரிப்பேரு. டீச்சரம்மாவும் அம்மா. சாருல்லாம் எங்க வூட்ல யாரும் கெடையாது."

பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. என் ஏழு வரைவுகளிலும் இல்லாத தெளிவுடன் சொல்லிவிட்டது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று நான் கண்ணை மூடினேன். திறந்தபோது தனபாக்கியம் அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"பூட்டாரா டீச்சரு? உன்னிய வுட்டுட்டுப் பூட்டாரா அந்த ஆளு? சொல்லாமயே மனசுக்குள்ள வச்சினு இருந்தியா?"

"இல்லம்மா, யாரும் போகல. அப்படி ஒருத்தர் இல்லவே இல்ல."

"அப்டிதான் நெனச்சிக்கணும்! இல்லவே இல்லன்னு நெனச்சிக்கோ. தரித்திரம் வுட்டுது." பிறகு மங்கையின் பக்கம் திரும்பி, இரு கன்னங்களையும் வழித்து நெட்டி முறித்தார். "பாத்தீங்களாடி? கூடப் பொறந்தவன் ஓடிட்டான், அண்ணிய வுடாம கூடவே கீது பாரு. ராவெல்லாம் அவன் வேலையயும் சேத்து பாக்குதே இந்தப் பொண்ணு! நாத்தனாருன்னா இது நாத்தனாரு!"

சேவலை மங்கையின் மடியில் வைத்தார்கள். கஷாயத்தை எனக்கு ஊற்றினார்கள். மனவேதனைக்கும் அது நல்லதாம். இல்லாத ஒரு மனிதரை அரை மணி நேரம் இருபது பேர் திட்டியதை நான் கேட்டேன். அவற்றுள் சில சொற்கள் எனக்கே புதியவை.

மங்கைதான் எழுந்தாள். "பசங்க காத்துனு இருப்பாங்க. வாங்க, போலாம்." பூசணிக்காயைத் தான் எடுத்துக்கொண்டு ஆரஞ்சைக் கயலிடம் கொடுத்தாள். என்னைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.

பள்ளியில் மின்சாரம் போயிருந்தது. அதனால் ஒலிவாங்கியில்லாமல், தொண்டையை உயர்த்திப் பேசினாள். பூசணிக்காயை மேசைமேல் வைத்து, கயலை ஆரஞ்சுடன் அதைச் சுற்றிவரச் சொன்னாள். "நிலா ஒரே பக்கத்தத்தான் நமக்குக் காட்டும். அந்தாண்டப் பக்கம் இல்லன்னு அர்த்தமா? கீது. நாம நிக்கிற எடத்துலருந்து தெரியல, அவ்ளோதான்." பிள்ளைகள் வாய்விட்டுச் சுற்றுகளை எண்ணினார்கள். கயலின் முகம் மினுங்கியது. நான் கடைசி வரிசையில் நின்றேன். ஒன்பதாண்டுகளாக நான் அறிந்த அவளை முன்பின் தெரியாத ஒருத்தியைப் போலப் பார்த்துக்கொண்டு, முன்னால் போய் அவளருகில் நிற்க வேண்டும் என்ற ஏக்கத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் நின்றேன்.

தலைமையாசிரியை நன்றி கூறினார். "கயலுடைய அத்தை..." என்று தொடங்கினார்.

"அத்தை இல்லீங்க," என்றேன்.

எல்லாரும் திரும்பினர். தாள் என்னிடம் இல்லை; வீட்டிலேயே விழுந்திருந்தது. "அவங்க கயலைப் பெத்த அம்மா. சான்றிதழில் இருக்கிற பெயர் அவங்களுடையது. நான் கயலோட இன்னொரு அம்மா. நாங்க ரெண்டு பேரும்தான் குடும்பம். சார்னு யாரும் ஓடிப்போகல. இவங்க என்னுடையவங்க."

'என்னுடையவங்க' என்னும் சொல்லில் நான் இருக்கும்போதே மதிய உணவு மணி அடித்தது. அன்று முட்டை நாள். அறுபது பிள்ளைகளும் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டு எழுந்தார்கள். பெஞ்சுகள் புரண்டன. பூசணிக்காய் மேசையிலிருந்து உருண்டது. அதைப் பிடிக்க மங்கை குனிந்தாள்.

தலைமையாசிரியை என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பிள்ளைகளை வரிசைப்படுத்தப் போனார். தனபாக்கியம் அம்மாள் மடியிலிருந்த பொன்னாடையை நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தார். பின் எழுந்து போய், அதை மங்கைக்குப் போர்த்தினார். "சோறு ஆறிப்பூடும், வாங்க ரெண்டு பேரும்," என்றார்.

இது நடந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டில் யாரேனும் ஒரு வேலையைத் தட்டிக்கழித்தால் "சாருக்கு ஜுரம்" என்கிறோம். கயல் வீட்டுப்பாடம் செய்யாத நாள்களில் சாருக்குக் கடுமையான ஜுரம். சந்தையில் இன்னும் பலர் அந்த ஆளைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தனபாக்கியம் அம்மாள் மட்டும் சாரைப் பற்றி அதன்பின் ஒரு முறையும் கேட்டதில்லை. மங்கையை 'நாத்தனாரு' என்று அழைப்பதையும் விட்டுவிட்டார். "மங்க" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்பதை நான் கேட்டதில்லை.

மங்கையிடம் மட்டும் கேட்டேன், அன்று மாலையே. கூடத்தில் நான் சொன்னது காதில் விழுந்ததா என்று.

"ஒரே சத்தம். நான் பூசணிக்காயப் புடிச்சினு இருந்தேன். இன்னா சொன்ன? திரும்பச் சொல்லு."

சொன்னேன். அதன்பின், பேருந்து நிறுத்தத்தில், சந்தையில், ஆள்கள் நடுவே, அவளுக்குத் தோன்றும்போதெல்லாம் "அன்னிக்கி இன்னாமோ சொன்னியே, காதுல வுழல" என்பாள். நானும் சொல்கிறேன், இப்போது மூச்சை இழுத்துப் பிடிக்காமல் வருகிறது. அன்று அந்தக் கூடத்தில், முதல் தடவை சொன்னபோது, அவள் அதைக் கேட்டாளா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.